கியர் விழ அடம்பிடிக்கிறது: பெட்டியைப் பிரிப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வேளச்சேரிவாசி

வணக்கம். என்னுடையது 2016இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஐந்து கியர், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். தினமும் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை போய்வருகிறேன். மெட்ரோ வேலை நடக்கும் பழைய மாமல்லபுரம் சாலையில் பாதி நேரம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாகவே கழிகிறது.

காலையில் வண்டியை எடுக்கும்போது கியர் ஓரளவு ஒழுங்காக விழுகிறது. துரைப்பாக்கம் வருவதற்குள் முதல் கியரைப் போடத் தண்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று பல் அரைபடும் சத்தம். கிளட்ச் மிதியை மறுபடி மறுபடி மிதித்துவிட்டுப் போட்டால் சில சமயம் விழுந்துவிடுகிறது. இது தவிர, ஐந்தாம் கியருக்காகத் தண்டை வலப்பக்கம் தள்ளும்போதும் கனமாக இருக்கிறது.

வழக்கமாக விடும் பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்; உள்ளே தேய்ந்திருக்கும்" என்கிறார்கள். பெரிய செலவு. அதைவிட, தேவையில்லாமல் ஒரு நல்ல பெட்டியைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அதிகம். வேறு எதையெல்லாம் பார்க்கலாம்?

பாடி பட்டறை

சகோதரி, இப்போதைக்குப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு சோதனை. கருவி எதுவும் வேண்டாம்.

சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்து ஒன்று முதல் ஐந்து வரை, பிறகு ரிவர்ஸ், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் வண்டியைக் கையால் சற்று அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் அப்படித்தான் முட்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது வெண்ணெய்போல விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான் இருக்கும். மிதியை மிதித்தும் கிளட்ச் பிளேட் இன்ஜினிலிருந்து முழுதாக விடுபடவில்லை. பெட்டிக்குள் போகும் தண்டை இன்ஜின் இன்னும் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. சுழலும் தண்டில் கியர் எப்படி விழும்? இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி கனமாக இருந்தால், நீங்கள் கையால் பிடிக்கும் கியர் தண்டின் அடிப்பாகம், கேபிள், அதன் மூட்டுகள் அல்லது பெட்டியின் உட்பகுதி.

வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு 'உள்ளே தேய்ந்திருக்கும்' என்று சொல்வதை நான் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஓ.எம்.ஆர். பயணி

எனக்கும் இப்படி இருந்தது. கியர் ஆயிலை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஜிஎல்-5 என்ற தரத்துக் கனமான ஆயில் ஊற்றினால் பல்லுக்கு நல்ல பாதுகாப்பு என்று கடையில் சொன்னார்கள். முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்களேன்.

ஆவடி ஆசிரியர்

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4ஐவிட ஒரு படி உயர்ந்த ஆயில் அல்ல. அது வேறு வேலைக்கானது. பின்சக்கர அச்சில் இருக்கும் ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உராயும்; அந்தக் கடும் அழுத்தத்தைத் தாங்கவே அதில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

முன்சக்கர இயக்கக் காரின் கியர் பெட்டியில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. கியர் மாறும் நேரத்தில் அந்த வளையம் கூம்பின் மேல் உராய்ந்துதான் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமன் செய்கிறது. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் உராய்வு கிடைக்காது, கியர் தாமதமாக விழும். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள சேர்மங்கள் பித்தளையை அரிக்கவும் கூடும். ஆகவே வண்டியோடு வந்த கையேட்டில் எந்தத் தரம், எந்தத் தடிமன் என்று போட்டிருக்கிறதோ அதுதான். சில பெட்டிகளுக்கு 75டபிள்யூ-80, சிலவற்றுக்கு 75டபிள்யூ-90. கடைக்காரரின் பரிந்துரை கையேட்டுக்கு அடுத்துதான் வரும்.

இன்னொன்று. பழைய ஆயிலும் தடித்த ஆயிலும் குளிரில்தான் அதிகம் தொல்லை தரும். வண்டி சூடானதும் ஆயில் இளகி, கியரும் இளகும். இந்தச் சகோதரியின் வண்டியில் நடப்பது நேர்மாறு. காலையில் நன்றாக இருந்து, சூடாகச் சூடாக இறுகுகிறது. இது ஆயிலைக் காட்டும் அறிகுறி இல்லை. மிதியைத் திரும்பத் திரும்ப மிதித்தால் கியர் விழுகிறது என்று எழுதியிருக்கிறாரே, எனக்கு அந்த வரிதான் பெரிய தடயம்.

பழைய வண்டிப் பிரியர்

கேட்கவே சங்கடமான எளிய கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் தடிமனான தரைவிரிப்பு ஏதாவது போட்டிருக்கிறீர்களா? மழைக்காலத்தில் பலர் பழைய விரிப்பின் மேலேயே புதிய ரப்பர் விரிப்பையும் போட்டுவிடுகிறார்கள். அது மிதிக்கு அடியில் மடிந்து நின்றால் மிதி கடைசி வரை போகாது, கிளட்சும் முழுதாக விடுபடாது. எல்லா விரிப்பையும் எடுத்துவிட்டு வெறும் தரையில் மிதி தட்டும் வரை மிதித்துப் பாருங்கள்.

வேளச்சேரிவாசி

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

விரிப்பை எடுத்துப் பார்த்தேன். மிதி தரை வரை போகிறது. அதில் சிக்கல் இல்லை.

இன்ஜினை அணைத்தபோது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாமே இலேசாக விழுந்தன. ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தது. ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் பழையபடி முரண்டு பிடிக்கின்றன. ஆனால் தண்டை இடமும் வலமும் நகர்த்தும் கனம் மட்டும் இரண்டு நிலையிலும் அப்படியே இருக்கிறது. இது எப்படி?

பாடி பட்டறை

உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று கிளட்ச் விடுபடாதது. மற்றொன்று பக்கவாட்டு அசைவுக்கான இணைப்பு எங்கோ இறுகியிருப்பது. இரண்டையும் சேர்த்து ஒரே நோயாகப் பார்த்ததால்தான் உங்கள் பட்டறைக்குப் பெட்டியின் மேல் சந்தேகம் வந்திருக்கும். முதலாவதை முதலில் முடிப்போம்.

கிளட்ச்தான் என்று உறுதிசெய்ய இன்னும் இரண்டு சோதனை. வண்டி சூடான பிறகு, காலியான சமதளத்தில் செய்யுங்கள்.

இன்ஜின் ஓட, நியூட்ரலில் வைத்து, மிதியை முழுவதும் மிதித்துக்கொண்டு ஐந்து விநாடி காத்திருங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் அவசரப்பட்டுப் போட்டால் நல்ல வண்டியிலும் லேசாக உரசும். அத்தனை நேரம் காத்திருந்தும் அரைத்தால் உள்ளே தண்டு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்தது, முதல் கியரில் போட்டு மிதியை அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு பிரேக்கை விடுங்கள். வண்டி நத்தைபோல ஊர்கிறதா? அதிலும், போட்டவுடன் ஊராமல், மிதியை அசையாமல் பிடித்திருக்கும்போதே சிறிது நேரம் கழித்து ஊரத் தொடங்கினால் கவனியுங்கள். மிதியோடு இணைந்து ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

கடைசியாக, பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு, நிறம் இரண்டையும் எழுதுங்கள்.

நான்காவது கியர்

பிரேக் ஆயில் டப்பாவுக்கும் கிளட்சுக்கும் என்ன தொடர்பு என்று புதியவர்கள் கேட்கக்கூடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் பொதுவாக டப்பாவில் சற்று மேலே இருக்கும். ஆயில் குறையும்போது முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். பிரேக்குக்கு இன்னும் மிச்சம் இருக்கும். 'பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது' என்று அந்த அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது. அளவு குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

சூட்டில் இறுகுவதற்கும் இதில் விடை இருக்கிறது. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னையின் கடற்காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 ஆயிலுக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு வரையறுத்திருப்பது 155 டிகிரிதான். டாட் 3க்கு அதே கணக்கு 205, 140. பழைய ஆயிலோடு, ஏற்கெனவே உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்துகொண்டால், சூடேறச் சூடேற அந்தக் குமிழ்கள் விரியும். மிதியை மிதித்தால் அழுத்தம், மறுமுனையில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய்ச் சேராமல் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. திரும்பத் திரும்ப மிதிக்கும்போது ஓரளவு அழுத்தம் சேர்கிறது, கியர் விழுகிறது.

முடிச்சூர்க்காரன்

இடையில் என் அனுபவம் ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி சக்கரத்தின் பாதிக்குமேல் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் நீர் போகவில்லை என்று உறுதிசெய்து ஓட்டத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் எல்லா கியருமே கரகரவென்று கனத்தன. கியர் ஆயிலை வடித்தபோது பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. பெட்டியின் மேலிருக்கும் சுவாசத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயிலை வடித்து, புதிதாக ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றிய பிறகுதான் தெளிந்தது.

வேளச்சேரிவாசி, உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றதா?

வேளச்சேரிவாசி

அந்தப் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அங்கே வரிசையாக நின்ற வண்டிகளில் என்னுடையதும் ஒன்று. வெள்ளத்தில் மூழ்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீரில் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

சோதனை முடிவுகள்: ஐந்து விநாடி காத்திருந்தும் ரிவர்ஸ் அரைக்கிறது. முதல் கியரில் போட்டவுடனேயே வண்டி மெல்ல ஊர்கிறது. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டைத் தொடுகிறது, நிறம் கறுப்பாக இருக்கிறது. இதைப் பார்த்ததும் உண்மையில் பயந்துவிட்டேன்.

பாடி பட்டறை

பயம் நல்லதுதான். இனி கசிவைக் கண்டுபிடிக்காமல் தூர ஓட்டம் வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: நான்கு சக்கரங்களின் உட்புறம் (பிரேக் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய), டாஷ்போர்டுக்கு அடியில் கிளட்ச் மிதியின் மேற்பகுதி (மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அங்கே ஈரம் இருக்கும்), பிறகு கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை விரலால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் அதுதான். சில மாடல்களில் ஸ்லேவ் சிலிண்டர் பெட்டிக்கு உள்ளேயே, கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்திருக்கும். அப்போது பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்குவது வேறு, பிரிப்பது வேறு என்பதை மட்டும் பட்டறையில் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும். அவசரத்துக்குக்கூட அந்த டப்பாவில் இன்ஜின் ஆயில் ஊற்றக் கூடாது. ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிப்போய் பிரேக்கும் சேர்ந்து கெட்டுவிடும்.

ஆவடி ஆசிரியர்

பக்கவாட்டுக் கனத்தைப் பற்றி. உங்கள் வண்டியில் தண்டிலிருந்து பெட்டிக்கு இரண்டு கேபிள் போகும். ஒன்று முன்னும் பின்னும் தள்ளுவதற்கு. மற்றது இடமும் வலமும் நகர்ந்து எந்த வரிசை என்று தேர்ந்தெடுப்பதற்கு. உங்களுக்கு இரண்டாவதில் பிரச்சினை.

பெட்டியின் மேல் கேபிள் வந்து சேரும் முனையை மூட்டிலிருந்து விடுவித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து தண்டை ஆட்டிப் பாருங்கள். இப்போதும் கனமாக இருந்தால் கேபிளோ தண்டின் அடிப்பாகமோ காரணம். தண்டு இலேசாகிவிட்டால், கேபிள் குற்றமற்றது. பெட்டியின் மேலுள்ள நெம்பை நேராகக் கையால் அசைத்துப் பாருங்கள். அங்கேதான் இறுக்கம் இருக்கும். பல கார்களில் அந்த நெம்பு பேட்டரி தட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. பேட்டரியிலிருந்து வடியும் அமிலமும் மழைத் தண்ணீரும் அதன் சுழல் ஊசியில் விழுந்து துரு பிடிக்க வைக்கும்.

பழைய வண்டிப் பிரியர்

ஹைட்ராலிக் இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆல்டோ போன்ற சிறிய கார்களில் கிளட்சும் கேபிள்தான். கேபிள் நாளடைவில் நீண்டுபோனால் மிதியின் வெற்று அசைவு அதிகமாகும், கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் இறுகும். பெட்டிப் பக்கத்து முனையிலிருக்கும் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரேயடியாக முறுக்கிவிடாதீர்கள், வெற்று அசைவு அடியோடு போய்விட்டால் கிளட்ச் வழுக்கத் தொடங்கி பிளேட் கருகும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கையேட்டில் மில்லிமீட்டரில் இருக்கும். கேபிளின் உள்கம்பி பிரிபிரியாக அறுந்திருந்தால் திருகிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

ஓ.எம்.ஆர். பயணி

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி, ஜிஎல்-4 விஷயத்தைக் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். எனக்கு இரண்டாம் கியர் மட்டும்தான், அதுவும் மூன்றிலிருந்து இறக்கும்போது மட்டும் அரைக்கிறது. இதுவும் கிளட்சா?

ஆவடி ஆசிரியர்

ஒரே ஒரு கியரில் மட்டும், ஓடும்போது மட்டும் என்றால் கிளட்சின் மேல் சந்தேகம் குறைவு. கிளட்ச் கெட்டால் எல்லா கியரும், முக்கியமாக நின்ற நிலையில் முதலும் ரிவர்ஸும் தொல்லை தரும். இரட்டைக் கிளட்ச் முறையில் இறக்கிப் பாருங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டாம் கியர். இப்படிச் செய்தால் சத்தமின்றி விழுகிறது என்றால் இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. உங்கள் வண்டியில்தான் ஒரு நாள் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். நகர நெரிசலில் அதிகம் உழைப்பது இரண்டாம் கியர். அது முதலில் தேய்வது இயல்பு. ஓட்டும்போது கியர் தண்டின் மேல் கையை வைத்தபடியே இருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்தச் சிறிய அழுத்தமே உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும்.

வேளச்சேரிவாசி

வேலை முடிந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒதுக்கியதும் கறுப்பு ஆயில் ஒழுகியது. நல்லவேளையாக என் வண்டியில் அது வெளியே இருக்கிறது. வேறொரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். சிலிண்டரை முழுதாக மாற்றி, பழைய ஆயிலை எல்லாம் வெளியேற்றி, கையேட்டில் சொன்ன டாட் 4 ஊற்றி, காற்றை எடுத்தார்கள். பாகத்தை ஜி.பி. ரோட்டில் நானே போய் வாங்கினேன். பழைய சிலிண்டரைக் கையோடு எடுத்துப் போனதால் அளவு பார்த்து வாங்க முடிந்தது. புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். ரப்பர் இருக்கும் பாகத்தைப் பழையதாக வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரி தட்டைக் கழற்றியபோது ஆசிரியர் ஐயா சொன்ன நெம்பும் அகப்பட்டது. சுழல் ஊசி துருவேறிச் சிவந்திருந்தது. துரு நீக்கி ஆயில் தெளித்து, அசைத்து அசைத்து இளக வைத்து, கிரீஸ் தடவினார்கள். ஐந்தாம் கியருக்கு இப்போது இரண்டு விரல் போதும். முதல் கியரும் ரிவர்ஸும் துரைப்பாக்கம் நெரிசலிலும் சத்தமில்லாமல் விழுகின்றன.

கியர் பெட்டியின் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பாடி பட்டறை

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. டப்பாவில் இப்போதைய ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுவையுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் புதிதாகிவிட்டது, ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பழையதுதான். புதிய ஸ்லேவ் போட்ட பிறகு அது கசியத் தொடங்குவதைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த சில வாரங்களுக்கு மட்டம் இறங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மிதியின் மேற்பகுதியிலும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி நனைந்தால் உடனே இங்கே எழுதுங்கள்.